வெள்ளை உடுப்புக்குள் பிலோமினா

பிலோமினா இறந்துபோன செய்தி எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் சரோஜாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சரோஜா எனக்குச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸி சத்தத்தில் போன் அடித்தது காதில் விழவில்லை. மறுபடி அடித்தபோது கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்தேன்.

"வசந்தா, நம்ம பிலோ போயிட்டாடி," என்றாள் சரோஜா.

"எங்க போயிட்டா?"

"இன்னாடி கேக்கற. செத்துப் போயிட்டா. காலைல பூசைக்குக் கெளம்பிக்கினு இருந்தாளாம். தல வலிக்குதுன்னு கட்டில்ல ஒக்காந்தவ அப்டியே சாஞ்சிட்டா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி."

நான் அடுத்துக் கேட்டது, "ஒனக்கு யாரு சொன்னாங்க?" என்பது.

"அருள்தான் போன் பண்ணாரு."

அருள், பிலோவின் கணவர். அவர் ஏன் சரோஜாவை அழைத்தார், என்னை ஏன் அழைக்கவில்லை என்று யோசித்தபடி அடுப்பை அணைத்தேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

பொம்மசந்திரா ஆலையில் எங்களோடு வேலை பார்த்தவர்கள் சேர்ந்து பிலோவுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். சங்கத்துப் பத்திரிகையில் அவ்வப்போது எழுதுகிறவள் என்பதால் என்னையும் கேட்டார்கள். "நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடு வசந்தா" என்றார்கள். நல்ல வார்த்தைகளை மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். அவளிடம் எனக்கு இருந்தது பொறாமை. வேலையில் சேர்ந்த வாரத்தில் தொடங்கியது, இன்னும் போகவில்லை. அவளுக்கும் அது நன்றாகத் தெரியும். அதை விட்டுவிட்டு நான் எதை எழுதினாலும் அது வேறு யாரோ ஒரு பிலோமினாவைப் பற்றியதாக இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில், ஊசி மருந்து தயாரிக்கும் அந்த ஆலை புதிதாகத் திறந்தபோது நாங்கள் மூவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். நான் ஜோகுபாளையத்தில் பிறந்து ஜோகுபாளையத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். சரோஜா எனக்கு அடுத்த தெரு. பிலோ கோலார் தங்கவயல்காரி. வேலைக்காக அல்சூரில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். அவளும் நானும் பி.எஸ்ஸி. வேதியியல், ஒரே வயது, ஏறக்குறைய ஒரே மதிப்பெண். நேர்முகத்தில் எங்களைக் கேட்ட கேள்விகள்கூட ஒன்றுதான். இரண்டு பேரை இதைவிடப் பொருத்தமாக அருகருகே நிறுத்தியிருக்க முடியாது. அப்படி நிறுத்தினால் பார்க்கிறவர்கள் ஒருவரைத்தான் பார்ப்பார்கள் என்பதை நான் அங்கே போன பிறகு கற்றேன்.

மருந்து நிரப்பும் அறைக்குள் போகிறவர்கள் உடம்பில் நகை, பூ, பொட்டு, பவுடர் எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் உற்பத்தி மேலாளர் ஹெக்டே சார் முதல் நாளே இதைச் சொன்னார். எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. "தாலியுமா சார்?" என்று கேட்டேன். "எல்லா தெகீபேக்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். கழற்றி, மேசைமேல் இருந்த ஒரே ஒரு எவர்சில்வர் தட்டில், மற்றவர்களின் மோதிரத்தோடும் கொலுசோடும் போட வேண்டும். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

அன்று மாலை பேருந்தில், "ஆளுக்கு ஒரு சின்னப் பொட்டி, பூட்டோட குடுத்தா கழட்ட மனசு வரும்" என்று சரோஜாவிடம் சொன்னேன். பின் இருக்கையில் பிலோ இருந்தாள். மறுநாள் அவள் நேராக ஹெக்டே சாரிடம் போய், நல்ல கன்னடத்தில், அவர் வேண்டாமென்று சொல்ல முடியாத மாதிரி அதையே கேட்டாள். அந்த வாரமே பெட்டிகள் வந்துவிட்டன. எல்லாரும் அதற்குப் "பிலோ பொட்டி" என்று பெயர் வைத்தார்கள். புதிதாகச் சேருகிற பெண்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்களாம். யோசனை என்னுடையது. அதை எழுதிவைக்க எனக்கு இப்போதுதான் இடம் கிடைத்திருக்கிறது.

பெட்டி வந்த அன்று பிலோ என் பக்கத்தில் வந்து நின்று, "கழுத்துலேர்ந்து எறங்கினா கல்யாணம் எறங்கிடாது வசந்தா. சாவி ஒன்கிட்டதானே இருக்கு," என்றாள். அந்த வார்த்தை மனதுக்கு ஆறுதலாக இருந்தது. அவளிடமிருந்து வந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வெள்ளை உடுப்பைப் பற்றி வெளியே இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனிதர் சும்மா நின்றாலே உடம்பிலிருந்து தோலும் மயிரும் கண்ணுக்குத் தெரியாத தூசியாக உதிர்ந்துகொண்டே இருக்கும். நாங்கள் நிரப்பிய மருந்து நேராக இரத்தத்தில் ஏறுவது. அதில் எங்கள் தூசி விழக் கூடாது. மருந்திடமிருந்து எங்களைக் காப்பாற்ற அல்ல, எங்களிடமிருந்து மருந்தைக் காப்பாற்றத்தான் அந்த உடுப்பு. உடை மாற்றும் அறைக்கு நடுவே குறுக்காக ஒரு எஃகு பெஞ்சு இருக்கும். இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலில் உறையை மாட்டி, அந்தக் காலை மட்டும் அந்தப் பக்கம் இறக்க வேண்டும். பிறகு மறு கால். தலையையும் கழுத்தையும் மூடும் துணி, முகமூடி, அப்புறம் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒன்றாகத் தைத்த உடுப்பு. அதன் கையும் காலும் தரையில் படாமல் கொத்தாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வெளிப்புறத்தைத் தொடாமல், ஒற்றைக் காலில் நின்று உள்ளே நுழைய வேண்டும். கடைசியாகக் கண்ணாடியும் கையுறையும்.

நான் இதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். வேகமாகவும் போடுவேன். பிலோ நிதானமாகப் போடுவாள். கல்யாண வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பட்டுப் புடவை கட்டுகிறவள்போல ஒவ்வொரு மடிப்பாக. "அவசரப்பட்டா நாம துணிய உடுத்த மாட்டோம், துணிதான் நம்மள உடுத்தும்" என்பாள். இது அவள் எல்லாரிடமும் சொன்னது, உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். போட்டு முடித்ததும் எங்கள் கையுறை விரல்களையும் நெஞ்சுப் பகுதியையும், கிருமி வளர்க்கும் பசை ஊற்றிய சின்னத் தட்டுகளில் ஒற்றி எடுப்பார்கள். சுத்தமில்லாமல் போட்டிருந்தால் சில நாளில் அதில் புள்ளி புள்ளியாக முளைத்துவிடும். என் தட்டுகளில் எதுவும் முளைத்ததில்லை. அவளுடையதிலும் இல்லை. முடிவு வந்தால் நான் முதலில் அவளுடையதைப் பார்ப்பேன். என்னுடையதை அப்புறம் பார்ப்பேன்.

உடுப்பு போட்ட பிறகு எல்லாரும் ஒன்றுதான். கண் மட்டும் தெரியும், அதுவும் கண்ணாடிக்குப் பின்னால். ஆனால் பிலோவை எல்லாருக்கும் தெரிந்தது. அவள் நடை தெரிந்தது, கையை மார்புக்கு முன்னால் கோத்து நிற்கும் விதம் தெரிந்தது. பராமரிப்புக்கு வருகிற மெக்கானிக்குகள்கூடக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்து, சரியாக அவளிடம்தான் கையசைப்பார்கள். என்னை ஹெக்டே சார் ஒரு வருஷம் போல "சரோஜா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. சரோஜா திருத்தினாள், அவளுக்கு அது பிடிக்கவில்லையாம்.

வேலை முடிந்து உடுப்பைக் கழற்றும்போது எங்களுக்கெல்லாம் பேருந்து நினைப்புதான். இழுத்துச் சுருட்டிக் கூடையில் எறிந்துவிட்டு ஓடுவோம். பிலோ போட்ட அதே நிதானத்தில் கழற்றுவாள். உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி உரித்து, மடித்து, கூடையில் வைப்பாள். கேட்டால், "போடறப்ப கண்ணாடி வழியா எல்லாம் பாப்பாங்க. கழட்டறப்ப எவனும் பாக்க மாட்டான். அங்க ஒழுங்கா இருக்கணும்," என்பாள். பேருந்து அவளுக்காக நிற்கும். முதலில் வந்து ஏறிய நானும் உள்ளே உட்கார்ந்து வியர்த்தபடி அவளுக்காகக் காத்திருப்பேன். ஏறியதும் ஓட்டுநரிடம், "எங்கப்பா வெள்ளையா சொரங்கத்துல எறங்கி கறுப்பா ஏறுவாரு. நான் வெள்ளையா போயி வெள்ளையாவே வர்றேன். அதுக்கே சம்பளம் குடுக்கறாங்கண்ணா," என்பாள். பேருந்தே சிரிக்கும். தாமதத்தை அப்புறம் யார் கேட்பார்கள்.

இனி அந்த ஆய்வு நாள். வெளிநாட்டுக்கு மருந்து அனுப்ப அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்காக வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் ஆய்வாளர் வந்தார். நிரப்பும் அறையில் அன்று இருக்க வேண்டியவர்களாக என்னையும் பிலோவையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதை ஒட்டியே எங்களில் ஒருவருக்கு அந்த அறையின் பொறுப்பு கிடைக்கும் என்ற பேச்சும் இருந்தது. அதுவரை எந்தப் பெண்ணுக்கும் அது கிடைத்ததில்லை. ஒரு மாதமாக நான் வீட்டில்கூட ஒற்றைக் காலில் நின்று பழகினேன். என் கணவர், "கொக்கு மாதிரி நிக்காத, பாத்தா பயமா கீது," என்று சொல்லும் அளவுக்கு.

ஆய்வாளர் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்றார். பக்கத்தில் ஹெக்டே சார். நான் முதலில் போட்டேன். ஒரு பிழை இல்லை. துணி தரையில் படவில்லை, கை முகத்துக்குப் போகவில்லை, கையுறை சட்டைக் கையின் மேல் மடிப்பில்லாமல் ஏறியது. கதவைத் தள்ளி உள்ளே போய் என் இடத்தில் நின்றேன். உள்ளேயிருந்தும் உடை மாற்றும் அறை கண்ணாடி வழியாகத் தெரியும். அடுத்து பிலோ. எல்லாம் முடிந்தது. இரண்டாவது கையுறையை இழுத்துவிட்டாள். கதவுக்கு வந்தாள். கதவில் கை வைக்குமுன் நின்றுவிட்டாள்.

பிறகு திரும்பிப் போய் கையுறையைக் கழற்றினாள். கண்ணாடி, முகமூடி, உடுப்பு எல்லாவற்றையும் கழற்றிக் கூடையில் போட்டாள். பெஞ்சைத் தாண்டி அழுக்குப் பக்கம் போய், கை கழுவி, புதுப் பொட்டலத்தைப் பிரித்து, முதலிலிருந்து தொடங்கினாள். அதே நிதானம். வெளியே ஹெக்டே சார் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் நெற்றியைத் துடைப்பதுமாக இருந்தார். உள்ளே இயந்திரம் நின்றபடி நின்றது. நான் அதன் பக்கத்தில் நின்றேன்.

மாலையில் கூட்டம். கையுறையின் வெளிப்பக்கம் வெறும் மணிக்கட்டில் பட்டதுபோல் இருந்தது, அதனால் மாற்றினேன் என்று பிலோ சொல்லியிருக்கிறாள். அந்த இடத்தில் என்ன பட்டது என்று ஆய்வாளர் உட்பட யாரும் பார்க்கவில்லை. பார்க்காததையும் திருத்துகிறவர்கள் இருக்கிற அறை இது என்று அந்த அம்மாள் எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார். அனுமதி கிடைத்தது. பிலோவுக்குப் பொறுப்பும் கிடைத்தது.

நான் பிழையில்லாமல் போட்டேன். அவள் பிழையோடு போட்டாள். பொறுப்பு அவளுக்கு. இதை நான் எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்திருக்கிறேன், ஒரு விதத்திலும் எனக்குச் சமாதானமாகவில்லை. பேருந்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன்.

"நெஜமாவே பட்டுச்சா பிலோ?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "தெரியலடி. பட்ட மாதிரி இருந்துச்சு. பட்ட மாதிரி இருந்தா பட்டதுதான்."

அது நடிப்போ என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் அவளை நான் பார்த்த அளவுக்கு வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். யாரும் இல்லாதபோதும் அவள் அப்படித்தான் இருந்தாள். எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவள் பொறுப்புக்கு வந்த அடுத்த கோடையில் கையுறைக்குள் இருக்கும் மாவு எனக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. மணிக்கட்டில் தோல் வெடித்து உரிந்தது. முழுக்கை ரவிக்கை போட்டு மறைத்தேன். கையுறைக்குள்தானே இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்பது என் எண்ணம். ஒரு நாள் நகைப் பெட்டிகள் இருக்கும் அறையில், மற்றவர்கள் போன பிறகு, பிலோ கதவைச் சாத்தினாள்.

"கையக் காட்டு," என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"பஸ்ல சொறிஞ்சிக்கினே வர்ற. காட்டு."

காட்டினேன். அவள் தொடவில்லை. குனிந்து நன்றாகப் பார்த்தாள்.

"நான் சார்கிட்ட சொல்லப் போறேன் வசந்தா. ஒனக்குத் தெரியாம சொல்லக் கூடாதுன்னுதான் மொதல்ல ஒன்கிட்ட சொல்றேன்."

"இது ஆறிடும். பத்து நாள் பொறு."

"இந்தப் பத்து நாள்ல போற மருந்து யாருக்குப் போவும்? கொழந்தைங்களுக்குப் போடற ஊசிடி அது."

"என் எடத்துல நீ இருந்து, ஒன் எடத்துல நான் இருந்தா, நான் சொல்லியிருக்க மாட்டேன்," என்றேன்.

"தெரியும்," என்றாள் பிலோ. "அதான் எனக்குப் பயமா இருக்கு."

அவள் சொன்னது சரி என்பது எனக்கு அப்போதே தெரியும். சரியாக இருப்பவர்களோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்பது போட்டவர்களுக்குத்தான் தெரியும். என்னை நிரப்பும் அறையிலிருந்து எடுத்து, சரோஜா அதற்கு முன்பே மாறிப்போயிருந்த, குப்பிகளைப் பரிசோதிக்கும் பிரிவில் போட்டார்கள். அங்கே வெள்ளை உடுப்பு கிடையாது. விளக்குக்குக் கீழே ஒரு கறுப்புப் பலகையும் ஒரு வெள்ளைப் பலகையும் இருக்கும். நிரப்பி வருகிற ஒவ்வொரு குப்பியையும் சுழற்றி, இரண்டு பலகைக்கு முன்னாலும் பிடித்து, உள்ளே துகளோ நூலோ மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். கை ஆறிய பிறகும் நான் திரும்பக் கேட்கவில்லை. பிலோவின் கீழே போய் நிற்க எனக்கு மனமில்லை. அதற்குள் அவளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. அருள் பக்கத்து லேத் பட்டறையில் வேலை பார்த்தவர், சாந்தமான மனிதர். ஹெப்பகோடியில் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். பேருந்தில் அவள் இருக்கை காலியானது. அப்போது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பேருந்தில் யாரும் சிரிக்கவில்லை.

என் மேசைக்கு வந்த குப்பிகளில் பெரும்பாலானவை பிலோவின் அறையிலிருந்து வந்தவை. அவற்றை நான் பார்த்த மாதிரி வேறு எந்தக் குப்பியையும் பார்த்ததில்லை. மற்றவர்களின் குப்பி என்றால் விதிப்படி பார்ப்பேன். அவளுடையது என்றால் தேடுவேன். எங்கேயாவது ஒரு மயிர், ஒரு பொட்டுத் தூசி. வருஷக்கணக்கில் தேடினேன். அவள் அறையிலிருந்து கண்ணாடிபோலத் தெளிந்துதான் வந்தது. ஒவ்வொன்றையும் "சரி" என்று என் கையாலேயே நான் எடுத்துவைக்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் கறுப்புப் பலகைக்கு முன்னால் ஒன்று அசைந்தது. வெள்ளையாக, நகத்து நுனியளவு, ஒரு நூல். குப்பியை நிறுத்தினேன். அது மெல்ல இறங்கியது. தட்டில் இருந்த சீட்டைப் பார்த்தேன். பிலோவின் அறை. தனியே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மதியத்துக்குள் பக்கத்தில் ஒரு சின்ன வரிசையே சேர்ந்துவிட்டது. அதிகாரியைக் கூப்பிட்டேன். அன்றைய உற்பத்தி முழுவதையும் நிறுத்தினார்கள்.

விசாரித்ததில் காரணம் உடுப்புதான் என்று தெரிந்தது. துவைத்துத் துவைத்து அக்குளில் தையல் நைந்து நூல் உதிர்த்திருக்கிறது. போடுமுன் உடுப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியது அறைப் பொறுப்பாளரின் வேலை. கூட்டத்தில் நானும் இருந்தேன். வாரக்கடைசி, எல்லாருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். பிலோ எழுந்து, "நான் பாத்திருக்கணும் சார், பாக்கல," என்றாள். வேறு ஒரு வார்த்தை இல்லை. புது இயந்திரத்தில் பயிற்சி பெற அவளை வெளிநாடு அனுப்புவதாக இருந்தார்கள். அவள் கடவுச்சீட்டுகூட எடுத்து வைத்திருந்தாள். அது நின்றுபோயிற்று. எனக்கு வருத்தமாக இருந்தது என்று இங்கே எழுதினால், அதைப் படிக்க அவள் இல்லை என்பதற்காக நான் பொய் சொன்னதாகும்.

கூட்டம் முடிந்ததும் ஹெக்டே சார் என்னிடம் வந்தார். இப்போது அவருக்கு என் பெயர் தெரியும். "வசந்தா, நீவு ஒள்ளே கெலசா மாடிதிரி," என்று, நல்ல வேலை செய்ததாகப் பாராட்டினார். பிறகு, "பிலோமினா கேட்டது நல்லதாப் போச்சு," என்றார்.

"என்ன கேட்டா சார்?"

"அவ ரூம்லேர்ந்து வர்ற சரக்க ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு. நீங்க அந்த செக்ஷன் வந்தப்பவே கேட்டா. அப்பலேர்ந்து அப்டித்தான் அனுப்பறோம். ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அத்தனை வருஷமும் அவள் குப்பிகள் தற்செயலாக என் மேசைக்கு வருவதாகத்தான் நினைத்திருந்தேன். கேன்டீனில் பிலோ தனியாக உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"ஏன் என்கிட்ட அனுப்பச் சொன்ன?"

"இப்பதான் தெரியுமா ஒனக்கு?"

"சொல்லு பிலோ."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கண் வீங்கியிருந்தது. அழுதிருப்பாள்போல. ஆனால் குரல் எப்போதும்போல இருந்தது.

"சரோஜா என் குப்பிய பாத்தான்னா, பிலோதுதானேன்னு பாப்பா. எல்லாம் அப்டித்தான் பாக்கறாங்க. பிரியமா பாக்கறவ கண்ணுக்கு நூல் தெரியாதுடி. ஒனக்குத் தெரியும். ஒனக்கு என்னக் கண்டா ஆவாது, எனக்குத் தெரியாதா? மொத நாள்லேர்ந்தே தெரியும். அது எனக்கு வேணும். நீ பாத்து விட்டதுன்னா அன்னைக்கு நான் வீட்ல போயி தூங்குவேன்."

"டீ ஆறிடுச்சு," என்று சொல்லி எழுந்து போனாள். இரண்டு வாரம் கழித்துப் புது உடுப்புகள் வந்தன. அவள் குப்பிகளும் வழக்கம்போல என் மேசைக்கு வந்தன.

பொறாமையை இப்படி வேலைக்கு வைத்துக்கொண்டவள் வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது. என் பொறாமையையும் அவள் எடுத்துக்கொண்டு பெயர் வாங்கிவிட்டாள் என்றுதான் அன்று இரவு சோறு தின்னும்போது நினைத்தேன். ஆனால் அந்தச் சோறு ருசியாக இருந்தது.

பிற்பாடு எனக்குக் கண் பார்வை குறைந்தது. அந்தப் பிரிவில் கண்தான் முதல். வேலையை விட்டேன். பிலோ அங்கேயே இருந்து, புதிதாக வருகிற எல்லாருக்கும் உடுப்பு போடப் பயிற்சி கொடுப்பவளானாள். கல்யாணங்களில் பார்ப்போம். கூட்டத்தில் அவளைச் சுற்றி ஆள் இருக்கும், நான் தள்ளி உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு முறை எங்கிருந்தோ கையைக் காட்டி, "இன்னும் பாத்துக்கினேதான் இருக்கா பாரு," என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் சரோஜாவும் ஆட்டோ பிடித்து ஹெப்பகோடி போனோம். ஓசூர் சாலையில் மேம்பால வேலை நடந்துகொண்டிருந்ததால் போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அருள் நின்றிருந்தார், பக்கத்தில் காலையில் பூசைக்குப் போட்ட சட்டையோடு அவர்களுடைய மகள். என்னைப் பார்த்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஒங்களப் பத்தி ரொம்ப பேசுவாங்க," என்றார். எனக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொண்டேன். உள்ளே போகத் திரும்பியபோது, எனக்குப் பின்னால் வந்த சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார். அவளுக்குப் பின்னால் வந்தவரிடமும் சொன்னார். பாவம், வேறு என்னதான் சொல்வார்.

உள் அறையில் பிலோவைக் குளிப்பாட்டிக் கல்யாணப் புடவை கட்டி முடித்திருந்தார்கள். மறுநாள் உடலைத் தங்கவயலுக்கு எடுத்துப்போய் அவளுடைய அப்பாவின் கல்லறைக்கு அருகில் புதைப்பதாக ஏற்பாடு. காலில் வெள்ளைக் காலுறை போட்டிருந்தார்கள். கைக்கு வெள்ளைக் கையுறை போடுவது அவர்கள் வழக்கம். சவப்பெட்டிக் கடையிலிருந்து வந்த நூல் கையுறையை வைத்துக்கொண்டு அவளுடைய சித்தி தடுமாறிக்கொண்டிருந்தார். விரல்கள் விறைத்துவிட்டிருந்தன. சுண்டுவிரல் உள்ளே போக மறுத்தது. "ஒடைஞ்சிடுமோன்னு பயமா கீதும்மா," என்று அழுதார். சரோஜா முன்னால் போய், "குடுங்க ஆன்ட்டி, நான் போடறேன். நாங்க எல்லாம் இதே வேலையிலதான் இருந்தோம்," என்று கையை நீட்டினாள்.

"நீ தள்ளு," என்றேன். "நான் போடறேன்."

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் எப்படிச் சொன்னேனோ, அவள் விலகிக்கொண்டாள்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தனை வருஷத்தில் அவள் கையை நான் பிடித்ததே இல்லை. உள்ளே ஒருவரையொருவர் தொடக் கூடாது, வெளியே தொட எனக்குத் தோன்றியதில்லை. அந்தக் கையை என் மடிக்கு எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து, ஒவ்வொரு விரலாகக் கணுவில் மெல்லத் தேய்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது, ஆனாலும் கொஞ்சம் இளகியது. கையுறையின் வாய்ப்பகுதியை வெளியே மடித்துக்கொண்டு, கட்டைவிரலை முதலில் விட்டு, மற்ற விரல்களை அதனதன் இடத்துக்குக் கொண்டுபோனேன். அவசரப்படவில்லை. வெளியே யாரோ பாதிரியார் வந்துவிட்டார் என்றார்கள், சித்தி எழுந்து போனார், சரோஜாவும் போனாள். நான் இரண்டாவது கையை எடுத்தேன். இரண்டும் முடிந்ததும் மடிப்பைத் திருப்பி மணிக்கட்டின் மேல் இழுத்துவிட்டேன். ஒரு சுருக்கம் இல்லை.

பிலோமினா சொன்ன வாசகங்கள் உங்கள் எல்லாரிடமும் இருக்கின்றன. அவளுடைய சிரிப்பும் நடையும் பார்த்தவர்கள் எல்லாரிடமும் இருக்கும். அருளிடம் அவளோடு வாழ்ந்த வருஷங்கள் இருக்கின்றன. சரோஜாவிடம் அந்த முதல் போன் இருக்கிறது. என்னிடம் அவள் கைகளின் கனம் இருக்கிறது. அவை என் மடியில் இருந்த அந்தக் கொஞ்ச நேரம், அறையில் வேறு யாரும் இல்லை. இதில் யாருக்கும் பங்கு தர எனக்கு விருப்பமில்லை.